வழுவின் குடிவழி



பத்தாண்டு நிறைவு விழாவில் பேச அழைத்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுவேன் என்றே செயலாளர் எதிர்பார்த்திருப்பார். நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘அம்மா, இது எந்த நூலில் வருகிறது?’ என்று கேட்டார். பைதான் என்னும் கணிப்பொறி மொழியின் செந்தர நூலகத்தில் வருகிறது என்றேன். சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ‘சரி, கவிஞர்களுக்குப் புரியும்படி இருந்தால் போதும்’ என்றார். அந்த நிபந்தனைக்கு உட்பட்டே பேசுகிறேன்.

நம் வட்டம் கலைச்சொற்கள் தொகுக்க ஒரு சிறு குழுவை அமைத்திருப்பதை அனைவரும் அறிவீர்கள். அக்குழுவில் ஒரு சொல் மூன்று அமர்வுகளாகத் தீர்வின்றிக் கிடக்கிறது. எக்ஸெப்ஷன் என்னும் சொல். ‘விதிவிலக்கு’ என்பது வழக்கில் வந்துவிட்டது, அதுவே போதும் என்பது ஒரு சாரார் கருத்து. ‘பிழை’ என்றே எளிமையாகச் சொல்லலாம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். அதை நிறுவ வேண்டுமாயின் அச்சொல் வாழும் வீட்டை நீங்கள் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

பைதான் மொழியை ஆம்ஸ்டர்டாமில் கணித, கணிப்பொறி ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கைடோ வான் ராஸம் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. பெயரைக் கேட்டுப் பாம்பை நினைக்க வேண்டா. ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது அது. இம்மொழியோடு ஒரு நூலகம் சேர்ந்தே வருகிறது. அதன் அடித்தளத்தில், நாம் எதுவும் வரவழைக்காமலே கையருகில் இருப்பவை, உள்ளமைந்த இனங்கள். முழு எண், பின்ன எண், எழுத்துக்கோவை, பட்டியல், அகராதி எனப் பலவகை. கணிப்பொறித் தமிழில் இவற்றை ‘இனக்குழு’ என்கிறார்கள். மானிடவியலார் அச்சொல்லை வேறு பொருளில் நெடுங்காலமாக ஆண்டு வருகிறார்கள்; ‘வகுப்பு’ என்றாலோ எனக்கு வருகைப்பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது. எனவே ‘இனம்’ என்றே சொல்லிச் செல்கிறேன்.

இனங்களுக்குக் குடிவழி உண்டு. எல்லாவற்றுக்கும் மூதாதை ‘ஆப்ஜெக்ட்’ என்னும் ஒன்று. அதை ‘பொருள்’ என்போம். மற்றவை அதன் வழித்தோன்றல்கள்; மூத்தோரின் இயல்புகள் இளையோருக்கு உரிமையாகும். இக்குடிவழியில் கவிஞர்கள் சுவைக்கத்தக்க சில விந்தைகள் உண்டு. உண்மை, பொய் என்னும் இரண்டே உறுப்புடைய ஓர் இனம் இருக்கிறது. அது 2003இல் வெளிவந்த பதிப்பில் முழு எண்ணின் பிள்ளையாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே இம்மொழியில் உண்மையையும் உண்மையையும் கூட்டினால் 2 வரும். உண்மையையும் பொய்யையும் கூட்டினால் 1. இந்த இனத்துக்கு இனிமேல் பிள்ளைகள் பிறக்க முடியாது என்றும் விதித்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஓர் உண்மையை எவரும் படைத்துவிடக் கூடாதல்லவா? ‘வகை’ என்னும் பொருள்படும் டைப் என்ற இனம் தனக்குத்தானே வகையாக நிற்கிறது. அதன் தத்துவப் பொருளை இந்த அவையிலுள்ள சைவ சித்தாந்தப் பேராசிரியரிடம் விட்டுவிடுகிறேன்.

இனி நம் பொருளுக்கு வருவோம். எண்ணைச் சுழியால் வகுக்கச் சொன்னால் நிரல் என்ன செய்யும்? பழைய மொழிகள் பலவற்றில், குறிப்பாக சி மொழியில் எழுதுவோர் வழக்கில், ஒரு செயல் தோற்றால் மைனஸ் 1 போன்றதோர் அடையாள எண்ணைத் திருப்பித் தரும். கேட்டவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பாராமல் விட்டால் தோல்வி ஒரு சாதாரண எண்ணின் வேடத்தில் அடுத்த கணக்குக்குள் நுழைந்துவிடும். பைதான் அவ்வாறு செய்வதில்லை. ஓடிக்கொண்டிருந்த வேலை அந்த இடத்திலேயே நிற்கும். ஒரு பொருள் பிறக்கும். அதற்குப் பெயர் உண்டு, இனம் உண்டு, எந்த வரியில் பிறந்தது என்னும் குறிப்பும் உண்டு. அது தன்னை அழைத்தவரிடம் மேலேறிச் செல்லும். அவர் ஏற்காவிடில் அவரை அழைத்தவரிடம். இப்படியே உச்சி வரை. எவரும் ஏற்காவிடில் நிரல் முடிந்துபோகும், காரணத்தைச் சொல்லிவிட்டு.

இவ்வாறு பிறக்கும் பொருள்களுக்கென மொழியிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சுழியால் வகுத்தால் ஜீரோ டிவிஷன் எரர். பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டால் இண்டெக்ஸ் எரர். அகராதியில் இல்லாத சொல்லைத் தேடினால் கீ எரர். பின்னவை இரண்டும் உடன்பிறந்தவை. அவற்றின் தாய் லுக்அப் எரர், அதாவது தேடல் தவறு. தாயை ஏற்பேன் என்று எழுதினால் பிள்ளைகள் இருவரையும் ஏற்றதாகும். ஆயின் வரிசை முக்கியம். மேலிருந்து கீழாகவே பொருத்திப் பார்ப்பதால், தாயை முதலில் எழுதிவிட்டுப் பிள்ளையைக் கீழே எழுதினால் பிள்ளைக்குரிய வரி என்றைக்கும் எட்டப்படாது.

தொடக்கத்திலேயே இவை இப்படி இருக்கவில்லை. ஆரம்பக் காலப் பதிப்புகளில் இவை வெறும் எழுத்துக்கோவைகள். குடிவழி இல்லை, உறவு இல்லை. அதிலும் ஒரு வேடிக்கை: எழுத்து ஒத்திருந்தால் போதாது, அதே பிரதியாகவும் இருக்க வேண்டும், ஒரே சொல்லை இரண்டு இடத்தில் தனித்தனியே எழுதினால் ஒன்றையொன்று அடையாளம் காணும் என்பதற்கு உறுதியில்லை. பதிப்பு 1.5இல்தான் செந்தர விதிவிலக்குகள் யாவும் இனங்கள் ஆயின. 2006இல் வந்த 2.5 பதிப்பு குடிவழியை மேலும் திருத்தியது. அதற்குமுன், பயனர் விசைப்பலகையில் ‘நிறுத்து’ என்று ஆணையிடுவதும் எக்ஸெப்ஷன் என்னும் பெருங்கிளையின் கீழேயே இருந்தது. எல்லாத் தவறுகளையும் ஏற்கிறேன் என்று எழுதிய நிரல், நிறுத்து என்னும் மனிதனின் ஆணையையும் ஒரு தவறாகக் கருதி விழுங்கிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எனவே பேஸ் எக்ஸெப்ஷன் என்ற புதிய மூதாதையை மேலே வைத்து, அந்த ஆணையையும் நிரலை முடித்துக்கொள்ளும் சிஸ்டம் எக்ஸிட்டையும் அதன் நேர்ப் பிள்ளைகளாகப் பிரித்து வைத்தார்கள். தவறு வேறு, விடைபெறுதல் வேறு என்பதை அந்த மொழி பதினைந்து ஆண்டுகள் கழித்தே கற்றுக்கொண்டது.

இங்கேதான் ‘பிழை’ என்னும் மொழிபெயர்ப்பு இடறுகிறது. ஸ்டாப் இட்டரேஷன் என்று ஒன்று உண்டு. ஒரு வரிசையிலுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கிறோம். இனி இல்லை என்னும்போது அது எழுப்பப்படுகிறது. மொழியின் ஏற்பாட்டின்படி இத்தகைய சுழற்சி இயல்பாக முடிவது இதனால்தான். பந்தியில் பாயசம் முடிந்ததென்று பரிமாறுபவர் சொல்வதைப் பிழை என்போமா? அதன் பெயரில் ‘எரர்’ என்னும் ஒட்டும் இல்லை. ‘விதிவிலக்கு’ என்பதும் அவ்வளவு பொருந்துவதில்லை. தமிழில் அச்சொல்லுக்குச் சலுகையின் சாயல் ஏறியிருக்கிறது. வரி விலக்கு, கட்டண விலக்கு என்பதுபோல. சுழியால் வகுத்தவருக்கு இங்கே ஒரு சலுகையும் கிடைப்பதில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வு வழுவமைதி பற்றியது. ஆகவே நான் எங்கே வரப்போகிறேன் என்பதைச் சிலர் முன்பே ஊகித்திருப்பீர்கள். முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணிப்பொறி மொழியின் நுட்பங்களை நம் இலக்கண ஆசிரியர்கள் முன்னரே கண்டுவிட்டார்கள் என்று மேடை தோறும் முழங்குவோர் உளர். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. பைதானை வகுத்தவர்கள் நன்னூலைப் படித்தவர்களும் அல்லர். தவறுகளையும் பெயரிட்டு வகைப்படுத்த வேண்டும் என்னும் தேவை இரண்டு இடங்களில் தனித்தனியே எழுந்தது. விடைகள் ஓரிடத்தில் ஒத்தும் ஓரிடத்தில் வேறுபட்டும் அமைந்தன. அவ்வளவே.

நன்னூலார் வழுவை ஏழாக எண்ணுகிறார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. வழுவாதது வழாநிலை. வழுவாயினும் இலக்கணத்தார் அமைத்துக்கொள்வது வழுவமைதி. பசுவை, வீட்டுக்கு அம்மா வந்துவிட்டாள் என்று சொல்கிறோம். அஃறிணையை உயர்திணையாக்கியது வழு. ஆயினும் உவப்பு என்னும் காரணம் இருப்பதால் அமைகிறது. திணை, பால் மயக்கங்களுக்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என ஐந்து காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. உண்டுகொண்டிருப்பவன் வெளியே நிற்கும் நண்பனிடம் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது விரைவு காரணமாகக் கால வழுவமைதி. இவற்றில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். காரணத்தைப் பெயரிட்டுச் சொன்னாலன்றி எந்த வழுவும் அமைவதில்லை. காரணமின்றி ‘பசு வந்தாள்’ என்று எழுதிய மாணவருக்கு நாம் மதிப்பெண் குறைக்கத்தான் செய்கிறோம்.

பைதானிலும் ஒரு வழுவை ஏற்பவர் அதன் இனப்பெயரைச் சொல்லியே ஏற்க வேண்டும் என்பது நல்ல மரபு. கீ எரர் வந்தால் இந்த மாற்று மதிப்பைக் கொள்க. கோப்பு இல்லை என்று வந்தால் புதிதாக ஒன்றை உருவாக்குக. இது வழுவமைதி. ஆனால் பெயரே சொல்லாமல், எது வந்தாலும் வரட்டும், ஒன்றும் செய்யாமல் மேலே செல் என்று எழுதவும் அம்மொழி இடம் தருகிறது. இரண்டே வரி. அவசரத்தில் இருப்போர் பலரும் எழுதுகிறார்கள். அதை வழுவமைதி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வழுமறைப்பு. குழுவின் பட்டியலில் அதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மறைப்பு என்று சொன்னேன். இது எனக்கு ஏட்டுச் செய்தி அன்று. சொல்லடைவு தயாரிப்பதற்காகவே நான் இம்மொழியைக் கற்றேன். இருபதாண்டுகளுக்கு முன் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சிட்ட உரைக் கோப்புகள் சில என்னிடம் உண்டு. யூனிகோடு என்று எண்ணிக்கொண்டு பைதான் அவற்றைத் திறக்க முயன்றால் யூனிகோட் டிகோட் எரர் எழும். அதன் குடிவழியைச் சொல்கிறேன்: பொருள், பேஸ் எக்ஸெப்ஷன், எக்ஸெப்ஷன், வேல்யூ எரர், யூனிகோட் எரர், அதன் பிள்ளை இது. ஆறு தலைமுறை. எந்தக் குறியாக்கத்தில் படிக்க முயன்றது, எத்தனையாவது பைட்டில் தடை, என்ன காரணம் என்பவற்றை அது தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. அந்நிலையில், ‘ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், தடை வராது’ என்று கணிப்பொறி அறிந்த ஒருவர் வழிசொன்னார். ‘இக்னோர்’ என்பதே அச்சொல். புறக்கணி என்று பொருள். சேர்த்தோம், ஒரு முணுமுணுப்பும் இன்றிக் கோப்பு திறந்தது. திறந்ததில் ஏறத்தாழ எண்களும் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளுமே எஞ்சியிருந்தன. அந்தக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் 128க்கு மேற்பட்ட இடங்களில் அமைந்தவை. அவற்றை ஏற்கத்தகாதவை என்று பைதான் ஒவ்வொன்றாக உதறிவிட்டது. பக்கம் முழுதும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் வரிசையாக நின்றன. புதுக்கவிதை என்று ஒருவர் சொன்னார். சிரிக்க முடிந்தது, எண்ணெய் போடாத கதவுபோல. மாறாக, அரைகுறையாகச் சில எழுத்துகள் மட்டும் உதிர்ந்திருந்தால்? சொல்லடைவு அச்சாகியிருக்கும். ஆய்வாளர் ஒருவர் அதைப் புரட்டி, இச்சொல் இந்நூலில் பயிலவில்லை என்று எழுதியிருப்பார். மொழி தன் இயல்பில் விட்டால் தடைசொல்லி நிற்கிறது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய ஓர் இழப்பு உலகறிந்தது. 1996 ஜூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அரியான் 5 ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. நான்கு ஆய்வுக் கோள்களைச் சுமந்து சென்ற அது, ஏறத்தாழ 37 வினாடியில் தடம் மாறிச் சிதறியது. அதன் நிரல் பைதான் அன்று, ஏடா என்னும் மொழி. ஆயினும் செய்தி நம்முடையதே. 64 பிட்டு அளவுள்ள ஒரு பின்ன எண்ணை 16 பிட்டு முழு எண்ணாக மாற்றும் இடத்தில், அதில் அடங்கும் உச்ச அளவான 32,767ஐ மதிப்பு தாண்டியது. விதிவிலக்கு முறையாகவே எழுந்தது. ஏற்பார் இல்லை. இவ்வாறு மாற்றும் இடங்கள் ஏழில் நான்குக்குக் காப்பு எழுதியிருந்தார்கள். கணிப்பொறியின் சுமை ஓர் எல்லையைத் தாண்டக் கூடாதென்று மூன்றை விட்டுவிட்டார்கள். அந்நிரல் அரியான் 4இலிருந்து அப்படியே வந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு உயர வாய்ப்பில்லை. இன்னும் வேதனை, அந்தப் பகுதி புதிய ராக்கெட் எழும்பிய பின்னர்த் தேவையே இல்லாத ஒன்று.

ஆனால் விசாரணைக் குழுவின் அறிக்கை சுட்டிய மற்றொன்றே என்னைச் சிந்திக்க வைத்தது. விதிவிலக்கு எழுந்தால் அக்கருவி தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே வகுத்திருந்த நெறி. தவறு என்றால் கருவி பழுதுதான், அதுவும் எப்போதோ ஒன்றுக்கு மட்டும் நேர்வது. காப்புக் கருவி பார்த்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். காப்புக் கருவியிலும் அதே நிரல், அதே வழு. இரண்டும் அடுத்தடுத்து அணைந்தன. அணைந்த கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பைப் பறக்கும் திசையின் அளவாக எடுத்துக்கொண்டு முதன்மைக் கணிப்பொறி ராக்கெட்டைத் திருப்பியது. நோயாளியின் முனகலை மருந்துச் சீட்டாகப் படித்ததுபோல. தோல்வி என்னும் செய்தி, செய்தி போலவே தோன்றும் வேறொன்றாக வாசிக்கப்பட்டது. பெயரும் இனமும் உள்ள வழுவுக்கு இந்த இடர் இல்லை. அதை எவரும் எண் என்று மயங்க முடியாது.

சரி, நிலத்துக்கு இறங்குவோம். வேல்யூ எரருக்கும் டைப் எரருக்கும் உள்ள வேற்றுமையைக் குழுவில் பலர் கேட்டார்கள். இனமே தவறினால் டைப் எரர். இனம் சரி, மதிப்புத் தகாது என்றால் வேல்யூ எரர். முழு எண்ணாக மாற்று என்று ஒரு பட்டியலைக் கொடுத்தால் முன்னது. ‘பத்து’ என்னும் எழுத்துக்கோவையைக் கொடுத்தால் பின்னது. எழுத்துக்கோவையை எண்ணாக்கலாம், ஆனால் இந்தக் கோவை எண் அன்று. இதில் தமிழுக்கென ஒரு நயம் இருக்கிறது. தமிழ் எண்ணுருவில் ௧௦ என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பைதான் அதை 10 என்று சரியாகப் படிக்கும். நம் முன்னோர் எழுதிய ௰ என்னும் ஒற்றைக் குறியைக் கொடுங்கள். வேல்யூ எரர்! அது பத்தைக் குறிக்கும் குறி என்பது யூனிகோடு அட்டவணையில் பதிவாகியே இருக்கிறது. ஆயினும் இட மதிப்பு முறையில் நிற்கும் இலக்கம் அன்று என்பதால் இம்மாற்றத்துக்கு ஏற்பதில்லை. தமிழில் சுழிக்கெனத் தனிக்குறி யூனிகோடில் சேர்ந்ததே 2005இல்தான். புதிய சுழியோடு வந்தால் உள்ளே; பழைய ௰ வாசலில். ஓலைச்சுவடி ஆராய்வோர் இதற்குரிய வழுவமைதியைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

தாமே எழுதலாம் என்பதே இந்நூலகத்தின் சிறப்பு. உள்ளமைந்தவற்றைப் பெற்றோராகக் கொண்டு நம் வழுக்களை நாமே பெயரிட்டுப் பிறப்பிக்கலாம். 2008இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அப்பெயர் தமிழ் எழுத்திலேயே இருக்கலாம். வெண்பாவைச் சோதிக்கும் நிரல் ஒன்றை என் மாணவியர் எழுதி வருகிறார்கள். அதில் ‘தளைதட்டல்’ என்று ஓர் இனம் உண்டு, எக்ஸெப்ஷனின் பிள்ளை. காய்முன் நேர் வர வேண்டிய இடத்தில் நிரை வந்தால் அது எழும், எந்த அடி, எந்தச் சீர் என்னும் குறிப்போடு. அவர்களுக்குள் இப்போது ஒரு வழக்கு. வெண்பாவில் கனிச்சீர் வந்தால் அதையும் தளைதட்டல் என்பதா? ஒருத்தி, வரக் கூடாத சீரே வந்தது, ஆகவே டைப் எரரின் வழி என்கிறாள். மற்றொருத்தி, அதுவும் சீர்தானே, இடம் தகாதது மட்டுமே, வேல்யூ எரர் என்கிறாள். தீர்ப்பை நான் சொல்லவில்லை. இந்த அவையில் வெண்பாப் புலவர்கள் குறைந்தது நால்வர் இருக்கிறார்கள்.

குழுவுக்கு என் முன்மொழிவு இது. குடும்பம் முழுமைக்கும் ‘விதிவிலக்கு’ என்பதே இருக்கட்டும். வழங்கிப்போன சொல்லைப் பிடுங்குவது வீண் வேலை. ‘எரர்’ என்று முடியும் பெயர்களுக்கு ‘வழு’. பெயர்சொல்லி ஏற்பதற்கு ‘வழுவமைத்தல்’. கடைசி வரியில் நின்று, மேலே சொல்லப்படாதவை அனைத்தையும் ஏற்கும் பகுதிக்குப் ‘புறனடை’; இயலின் இறுதியில் நின்று, சொல்லாமல் விடுபட்டவற்றைத் தழுவும் நூற்பாவுக்கு நாம் இட்ட பெயர் அதுதான். மறைப்பவர்க்கு ‘வழுமறைப்பு’. நம் மூத்த கவிஞர் ஒருவர், ‘இலக்கணச் சொற்களை இயந்திரத்துக்கு அடகு வைக்காதீர்கள்’ என்று போன அமர்வில் கண்டித்தார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வழுவமைதி என்னும் சொல்லைத் தேர்வுத்தாளுக்கு வெளியே கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று அவரை வணக்கத்தோடு கேட்கிறேன். விடை அடுத்த அமர்வில் தரட்டும். பட்டியல் அதற்குப் பிறகே அச்சுக்குப் போகும்.